இணை எண்ணிக்கை: தேர்தல் பார்வையாளர் நாட்குறிப்பு

பிப்ரவரி 3
இணை எண்ணிக்கை என்றால், குலுக்கலில் எடுத்த சில சாவடிகளின் கணக்கை நம் பார்வையாளர்கள் தனியாக வாங்கி, அதிகாரபூர்வ முடிவோடு ஒப்பிடுவது. அதற்கான சாவடிப் பட்டியல் இன்னும் இறுதியாகவில்லை. பழைய பட்டியலிலிருந்து மாதிரி எடுத்தால், பிரிக்கப்பட்ட சாவடியும் இடம் மாறிய சாவடியும் கணக்கையே கெடுத்துவிடும். காத்திருக்கத்தான் வேண்டும்.

பிப்ரவரி 5
வந்துவிட்டது. அச்சுத்தாளாக! விடிய விடியத் தட்டச்சு.

பிப்ரவரி 6
வாக்காளர் தொகைக்கேற்ப மாவட்டங்களுக்குப் பங்கு பிரித்து, கணினிக் குலுக்கலில் மாதிரி எடுத்தாயிற்று. உடனே அந்தக் கேள்வி வந்தது: "மலைமேல் இருக்கும் சாவடிக்குப் பதில் அடிவாரத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாமா?" கூடாது. சாலையோரத்தில் இருப்பவர்கள் போடும் வாக்கும் சாலையே இல்லாத ஊர்க்காரர்கள் போடும் வாக்கும் ஒன்றல்ல. எட்டாத சாவடிகளையெல்லாம் எட்டும் சாவடிகளாக மாற்றிக்கொண்டே போனால், நம் கணக்கு உண்மையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று, பிழை வரம்பாக நாம் அறிவிக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. முதல்நாளே நடந்து போய்த் தங்கட்டும். முடியவே முடியாவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

பிப்ரவரி 8
மாதிரிப் பட்டியல் முழுதாக இரண்டு பேரிடம் மட்டும். கசிந்தால் அந்தச் சாவடிகளில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கும். மோசடி பக்கத்துச் சாவடிக்கு நகர்ந்துவிடும்.

பிப்ரவரி 10
பயிற்சி. அதிகம் தடுமாறுவது கூட்டலில்தான். செல்லுபடியானவையும் செல்லாதவையும் சேர்ந்தால் பெட்டியில் இருந்த சீட்டுகளின் எண்ணிக்கை வரவேண்டும். அது வாக்களித்ததாகப் பதிவானவர்களைவிட ஒன்றிரண்டு குறையலாம்; சிலர் சீட்டைப் பெட்டியில் போடாமல் கொண்டுபோய்விடுவார்கள். கூடினால் உடனே தொலைபேசி. அதிகாரியின் படிவத்திலேயே கூட்டல் தப்பாக இருந்தால், தப்பாகவே அனுப்ப வேண்டும். திருத்துவது பார்வையாளரின் வேலை அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

படிவத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் அழிந்துபோகும், எழுத்தும் மங்கும். கோப்பாக இணைக்க வேண்டும். வந்து சேர்ந்ததும் ஹாஷ் எண் (கோப்பில் சிறிது மாற்றினாலும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். நாளை நீதிமன்றத்தில் கேட்பார்கள்.

பிப்ரவரி 12
1986 பிப்ரவரி 7, பிலிப்பைன்ஸ் அதிபர் தேர்தல். நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் தேர்தல் கண்காணிப்பு அமைப்பின் தொண்டர்கள் சாவடி சாவடியாக எண்ணிய கணக்கு ஒரு பக்கம், அரசின் கணக்கு மறுபக்கம். இரண்டும் பொருந்தவில்லை. அரசுத் தரப்பில் எண்களை ஏற்றிக்கொண்டிருந்த கணினி ஊழியர்களே எழுந்து வெளியேறினார்கள். அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் தெம்பு வருகிறது.

பிப்ரவரி 13
ஒத்திகை. எல்லாச் சாவடிகளிலிருந்தும் பொய் எண்கள் வரவேண்டும். மலைப்பகுதி மௌனம். வேறு நிறுவனத்தின் சிம், பவர் பேங்க், அருகில் சிக்னல் கிடைக்கும் மேடு எது என்ற குறிப்பு, இந்த மூன்றும் இன்றே போகவேண்டும். எண்ணிக்கை இரவில்தான் முடியும். அதற்குள் தொலைபேசி உயிரை விட்டுவிடும்.

பிப்ரவரி 15
இணையத்தை முடக்கினால்: குறுஞ்செய்தி. அதுவும் போனால்: மோட்டார் சைக்கிள்.

பிப்ரவரி 16
வாக்குப்பதிவு நாள். சாவடிகள் திறந்த அறிக்கைகள் காலையிலேயே வந்தன. ஒரு சாவடியில் பார்வையாளரை உள்ளே விடவில்லை. அங்கீகாரக் கடிதத்தின் நகலோடு மேற்பார்வையாளர் போயிருக்கிறார். வெற்றுப் பெட்டியைத் திறந்து காட்டினார்களா என்ற கேள்விக்கு மலையிலிருந்து இன்னும் பதில் இல்லை.

பிப்ரவரி 17, அதிகாலை
நகரச் சாவடிகள் வந்துவிட்டன. ஒருவர் தெளிவாக முந்துகிறார். நிருபர்கள் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். கொடுக்கமாட்டோம். முதலில் வருவது பெரும்பாலும் நகரம்தான்; கிராமம் சேரச் சேர வித்தியாசம் சுருங்கலாம். அது பிழை வரம்புக்குள் வந்துவிட்டால் வென்றவர் பெயரையே சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

கென்யா 2017 மனதை விட்டுப் போகவில்லை. இணை எண்ணிக்கை அதிகாரபூர்வ முடிவோடு ஒத்துப்போனது. ஆனாலும் செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அதிபர் தேர்தலை ரத்து செய்தது. முடிவுகளை அனுப்பிய முறையில் சட்டம் மீறப்பட்டிருந்தது. சாவடியில் ஒட்டப்பட்ட கணக்கோடு அறிவித்த முடிவு பொருந்துகிறதா என்பதை மட்டுமே நம் எண் சரிபார்க்கும். அறிக்கையின் முதல் பத்தியிலேயே இதை எழுதியாக வேண்டும். வராத சாவடிகள் எத்தனை, எந்தெந்த மாவட்டம் என்பதையும்.

காலை 6.20
மலையிலிருந்து மூன்று. இரண்டில் கூட்டல் பொருந்துகிறது. மூன்றாவதில் பெட்டியில் 41 சீட்டு கூடுதல். பார்வையாளரைத் திரும்ப அழைத்துப் படிவத்தை வரிவரியாக வாசிக்கச் சொல்லியிருக்கிறோம்.