திருவோணம் உதிக்கும் திசை: சத்தாவல் தீவுப் பாடம்

மைக்ரோனேசியாவின் சத்தாவல் தீவில் கடலோடிக் கல்வி தரையில் விரித்த பாயில் தொடங்கும். 32 பவளக் கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் சிறு படகு ஒன்றை வைப்பார்கள். ஒவ்வொரு கல்லும் ஒரு விண்மீன் எழும் அல்லது விழும் இடம். துருவ நட்சத்திரம் வடக்கு. நிமிர்ந்து நிற்கும் தென்சிலுவை விண்மீன் கூட்டம் தெற்கு. நம் திருவோணம் எழுவது கிழக்கு. முதலில் வரிசை, அடுத்து எதிரெதிர் இணைகள், பிறகு எந்தத் தீவிலிருந்து எந்த விண்மீனின் கீழ் எந்தத் தீவு என்பது. எல்லாம் மனப்பாடம்தான்.

சென்னையிலும் பழகலாம். ஜூன் நடுவில் இரவு எட்டரை மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் நில்லுங்கள். நேர்கிழக்கிலிருந்து சுமார் 9 பாகை வடக்கே திருவோணம் தெரியும். தாழ்ந்திருக்கும்வரைதான் அது திசை சொல்லும். உச்சிக்கு ஏறியதையும் நம்பினால் வழி தவறும். அதே இடத்தில் அடுத்து எழும் விண்மீனுக்கு மாற வேண்டும்.

1960களில் மைக்ரோனேசியாவை ஆண்ட அமெரிக்க நிர்வாகம் அங்கே பள்ளிகளைப் பெருக்கியது. சத்தாவல் போன்ற வெளித்தீவுகளின் பதின்வயதினர் உலித்தி போன்ற வேறு தீவுகளில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். கடலில் பெரியவர்களோடு போக வேண்டிய வயது அது! இந்தக் கடலோடிக் கல்வியைக் காக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் சேர்த்தால் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. இது குடும்பங்கள் காத்த அறிவு, எல்லோருக்கும் திறந்ததல்ல. கற்களை வகுப்பறையில் அடுக்கலாம், அலையின் அசைவை உடம்பு அங்கே கற்காது. 1976இல் கருவிகளின்றி ஹவாயிலிருந்து தாஹிதிக்குப் படகு செலுத்திய சத்தாவல் கடலோடி மாவ் பியாய்லுக், சொந்தத் தீவில் இளைஞர்கள் விலகியதால்தான் வெளியாருக்கும் கற்பித்தார்.