கூப்பிடு தூரம்: பிராட்காஸ்ட் டொமைனை நான் புரிந்துகொண்ட விதம்

சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழ்த் தேர்வான சி.சி.என்.ஏ.-வுக்குப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். கணினிகளை இணைக்கும் ஹப், சுவிட்ச், ரவுட்டர் ஆகிய கருவிகளைப் பற்றியது அது. ஒரே நேரத்தில் அனுப்பினால் ஃபிரேம்கள் (வலையமைப்பில் செல்லும் தரவுப் பொதிகள்) மோதிக்கொள்ளும் பகுதி கொலிஷன் டொமைன்; எல்லோரையும் நோக்கி அனுப்பும் ஃபிரேம் சென்றடையும் பகுதி பிராட்காஸ்ட் டொமைன். ஹப் என்றால் ஒரு கொலிஷன் டொமைன், ஒரு பிராட்காஸ்ட் டொமைன். சுவிட்ச் என்றால் போர்ட் ஒவ்வொன்றும் ஒரு கொலிஷன் டொமைன், ஆனால் எல்லாப் போர்ட்டுகளும் சேர்ந்து ஒரே பிராட்காஸ்ட் டொமைன். ரவுட்டர் என்றால் இன்டர்ஃபேஸ் ஒவ்வொன்றும் ஒரு பிராட்காஸ்ட் டொமைன். நானும் அப்படித்தான் படித்தேன். அந்த அட்டவணை தவறானதன்று. ஆனால் ஒரே சுவிட்சைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் வி-லேன் பாடத்துக்கு வந்தவுடன் அது கைவிட்டுவிட்டது. மாதிரித் தேர்வுகளில் எண்ணிக்கை கேட்கும் வினாக்களில் தொடர்ந்து மதிப்பெண் இழந்தேன். ஒரு கருவியைப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்லும் பழக்கமே அதற்குக் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. எண்ண வேண்டியது ஒரு ஃபிரேமின் கூப்பிடு தூரத்தை.

192.168.10.5 என்ற முகவரியுடைய கணினி 192.168.10.9 உடன் பேச விரும்புகிறது என்று கொள்வோம். ஐ.பி. முகவரி கையில் இருக்கிறது. ஃபிரேமை அனுப்பத் தேவையான மேக் முகவரி, அதாவது வன்பொருள் முகவரி, தெரியாது. எனவே 1982-இல் வரையறுக்கப்பட்ட ஏ.ஆர்.பி. நெறிமுறைப்படி, ‘இந்த முகவரி யாருடையது?’ என்று எல்லோரையும் நோக்கிக் கேட்கிறது. அந்த ஃபிரேமின் சேருமிட முகவரியில் 48 பிட்டுகளும் ஒன்றாகவே இருக்கும். அதாவது, எஃப் என்ற எழுத்து பன்னிரண்டு முறை. சுவிட்ச் அதை வந்த போர்ட்டைத் தவிர மற்றெல்லாப் போர்ட்டுகளிலும் வெளியே விடுகிறது. அடுத்த சுவிட்சும் அதையே செய்கிறது. ரவுட்டர் அதைப் பெற்றுப் படிக்கும், ஆனால் இன்னொரு இன்டர்ஃபேஸ் வழியாக அனுப்பாது. அந்தக் குரல் கேட்ட இடங்கள் அனைத்தும் சேர்ந்ததுதான் ஒரு பிராட்காஸ்ட் டொமைன்.

இதைப் படித்தால் மட்டும் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளான பேக்கெட் டிரேசரில் ஒரே ஒரு சுவிட்சை வைத்து, அதில் மூன்று கணினிகளை இணைத்து, முதல் இரண்டுக்கு 192.168.10.5, 192.168.10.9 என்றும், மூன்றாவதற்கு 192.168.20.5 என்றும் முகவரி கொடுத்து, எல்லாவற்றுக்கும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கையே வையுங்கள். அதன்படி முதல் இரண்டும் ஒரே சப்நெட்டில், அதாவது ஒரே ஐ.பி. முகவரித் தொகுதியில், இருக்கும்; மூன்றாவது வேறொன்றில். மூன்றாவது கணினிக்குப் பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி, போகாது. ஆகவே அது வேறு பிராட்காஸ்ட் டொமைனில் இருக்கிறது என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். சிமுலேஷன் முறைக்கு மாறி, முதல் கணினியிலிருந்து இரண்டாவதற்குப் பிங் கொடுத்து, ஒவ்வோர் அடியாக நகர்த்திப் பார்த்தேன். ஏ.ஆர்.பி. உறை சுவிட்சிலிருந்து இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒன்று 192.168.10.9-க்குச் சென்றது, மற்றொன்று 192.168.20.5-இன் வாசலுக்கே போய், அங்கே சிவப்புப் பெருக்கல் குறி பெற்று நின்றது. அந்தக் கணினி கேட்டிருக்கிறது, தனக்கானது இல்லை என்று கண்டு விட்டுவிட்டிருக்கிறது. சப்நெட்டும் பிராட்காஸ்ட் டொமைனும் ஒன்றல்ல என்பதை எந்த விளக்கமும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. ஒரு வி-லேனுக்கு ஒரு சப்நெட் என்று வடிவமைப்பது நல்ல வழக்கம்; அந்த வழக்கமே இரண்டையும் ஒன்றென நம்மை நினைக்க வைக்கிறது.

அடுத்து என்னை நிறுத்தியது, கணினிகளுக்கு ஐ.பி. முகவரியைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி. வி-லேன் 10-இல் சர்வரை வைத்து, வி-லேன் 20-இல் இருந்த கணினியைத் தானாக முகவரி பெறும்படி அமைத்தபோது, சர்வரிடமிருந்து பதில் வராதபோது கணினி தானே வைத்துக்கொள்ளும், 169.254 என்று தொடங்கும் முகவரியே அதற்குக் கிடைத்தது. இரு வி-லேன்களுக்கும் இடையே ரவுட்டிங் சரியாக வேலை செய்தது. முகவரியைக் கையால் கொடுத்தால் சர்வருக்குப் பிங் போனது. பிறகு ஏன் என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். முகவரியே இல்லாத கணினி 255.255.255.255 என்று எல்லோரையும் நோக்கித்தான் கேட்க முடியும்; அந்தக் குரல் ரவுட்டரோடு நின்றுவிடுகிறது. ரவுட்டரின் வி-லேன் 20 பக்கத்து இன்டர்ஃபேஸில் ‘ஐபி ஹெல்பர்-அட்ரஸ்’ கட்டளையைக் கொடுத்தால், அது அந்தக் குரலைக் கேட்டு, தன் இன்டர்ஃபேஸ் முகவரியையும் அதில் குறித்து, சர்வருக்கு நேரடிச் செய்தியாக அனுப்பி வைக்கிறது. சர்வர் அந்த முகவரியைப் பார்த்தே எந்தத் தொகுப்பிலிருந்து முகவரி வழங்குவது என்று முடிவு செய்கிறது. இந்தக் கட்டளையை மனப்பாடம் செய்பவர்கள் பலர். எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கோ, அது எந்த இன்டர்ஃபேஸில் கொடுக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமே வராது.

வி-லேன் என்பது சுவிட்ச் தன் போர்ட்டுகளைப் பிரித்துக் கொள்ளும் முறை. 12 பிட் அடையாள எண் என்பதால் 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம். பல வி-லேன்களை ஒன்றாகச் சுமக்கும் டிரங்க் இணைப்பில், ஃபிரேமுக்குள் வி-லேன் எண்ணைச் சொல்லும் 4 பைட் அளவிலான டேக் ஒன்று சேர்க்கப்படுகிறது. ஆனால் ஒரே வி-லேனுக்கு உரிய அக்சஸ் போர்ட்டிலிருந்து வெளியேறும் ஃபிரேமில் டேக் இருக்காது. இதன் விளைவை ஒரு கணம் நின்று யோசித்துப் பாருங்கள்: முதல் சுவிட்சின் வி-லேன் 10 அக்சஸ் போர்ட்டை இரண்டாவது சுவிட்சின் வி-லேன் 20 அக்சஸ் போர்ட்டுடன் இணைத்தால், முதலாவது டேக் இல்லாமல் அனுப்பும், இரண்டாவது தன் போர்ட்டின் அமைப்பைப் பார்த்து அதை வி-லேன் 20 என்றே எடுத்துக்கொள்ளும். எண்கள் வேறு வேறாக இருந்தாலும், குரல் செல்லும் வழி திறந்தே இருக்கிறது. வி-லேன் எண் ஒவ்வொரு சுவிட்சும் தனக்குள் வைத்திருக்கும் பெயர் மட்டுமே என்பதை இந்த எடுத்துக்காட்டுதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

இப்போது ஓர் எண்ணிக்கை. இரண்டு ரவுட்டர்கள் நேரடியாக இணைந்துள்ளன. முதல் ரவுட்டரில் ஒரு சுவிட்ச். அந்தச் சுவிட்சில் இரண்டு ஹப்புகள், ஒவ்வொரு ஹப்பிலும் மூன்று கணினிகள். இரண்டாவது ரவுட்டரில் டிரங்க் வழியாக ஒரு சுவிட்ச். அதில் வி-லேன் 10-இல் இரண்டு கணினிகள், வி-லேன் 20-இல் இரண்டு கணினிகள். ஏதேனும் ஒரு கணினியில் பென்சிலை வைத்து, ‘இந்தப் போர்ட் வழியாக ஃபிரேம் வெளியே போகுமா?’ என்று கேட்டுக்கொண்டே கோடு இழுங்கள். முதல் ரவுட்டரின் சுவிட்சும் இரண்டு ஹப்புகளும் ஒரே வட்டத்துக்குள் அடங்கும். வி-லேன் 10 ஒன்று, வி-லேன் 20 ஒன்று. மூன்று என்று விடை எழுதியவர்களில் நானும் ஒருவன். ரவுட்டர்களுக்கு இடையேயான ஈதர்நெட் இணைப்பும் ஒரு பிராட்காஸ்ட் டொமைனே. கணினி இல்லாததால் கண்ணில் படுவதில்லை. விடை 4. கொலிஷன் டொமைன்களைக் கேட்டால், ஹப் ஒவ்வொன்றும் அதன் மேல் இணைப்போடு சேர்த்து ஒன்றாக 2, முதல் சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் இடையே 1, ரவுட்டர்களுக்கு இடையே 1, டிரங்க் 1, நான்கு கணினிகளுக்கு 4, மொத்தம் 9. இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய இன்றைய ஃபுல் டூப்ளெக்ஸ் இணைப்புகளில் மோதலே நிகழ்வதில்லை என்றாலும், கணக்கு இப்படித்தான் எண்ணப்படுகிறது.

எல்லை ஏன் தேவை என்பதை ஒரு பயிற்சி வகுப்பில் கண்டேன். மேசையில் தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் முனையை ஒரு மாணவர் நல்லெண்ணத்துடன் எடுத்து, அதன் மறுமுனை ஏற்கெனவே செருகப்பட்டிருந்த அதே சிறிய சுவிட்சிலேயே செருகிவிட்டார். சில நொடிகளில் அந்தச் சுவிட்சின் பச்சை விளக்குகள் அனைத்தும் ஒன்றாகத் துடிக்கத் தொடங்கின. அறையில் எந்தக் கணினியிலும் பிங் போகவில்லை. ஐ.பி. தலைப்பில் ஒவ்வொரு ரவுட்டரிலும் குறையும் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஈதர்நெட் தலைப்பில் அப்படி எதுவும் இல்லை. வளையத்துக்குள் அகப்பட்ட ஒரே ஓர் ஏ.ஆர்.பி. கேள்வி ஓய்வின்றிச் சுற்றும், பெருகும். ரவுட்டரின் வேறு இன்டர்ஃபேஸில் இருந்த அடுத்த அறைக் கணினிகளோ தங்களுக்குள் எந்தச் சிக்கலும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தன. கேபிளைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின. ரேடியா பெர்ல்மன் 1985-இல் வடிவமைத்த ஸ்பானிங் டிரீ நெறிமுறை இத்தகைய வளையங்களைத் தடுப்பதற்கே. அந்த மலிவான சுவிட்சில் அது இல்லை. ஸ்பானிங் டிரீ பாடத்தைப் பிராட்காஸ்ட் டொமைனுக்கு அடுத்த நாளே படிப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஐ.பி. முகவரிமுறையின் புதிய பதிப்பான ஐ.பி.வி.6-இல் பிராட்காஸ்ட் இல்லை, ஏ.ஆர்.பி. செய்த வேலையை அங்கே ஒரு குழுவை மட்டும் நோக்கி அனுப்பும் மல்டிகாஸ்ட் செய்கிறது. அந்த மல்டிகாஸ்ட் கேள்வியும் அதே வி-லேன் எல்லையைத் தாண்டுவதில்லை என்பதால், இங்கே கற்றது அங்கேயும் பயன்படும்.

தேர்வில் வந்த வினாக்களை வெளியே சொல்வதில்லை என்று உடன்பட்டுத்தான் எழுதுகிறோம். ஆகவே அவற்றை இங்கே எழுத மாட்டேன். நேரம் 120 நிமிடங்கள். ஒரு வினாவைக் கடந்துவிட்டால் திரும்பி வர இயலாது. தேர்வு மையத்தில் அழித்து எழுதும் பலகை ஒன்று தருவார்கள். முதல் வினாவைத் திறந்தவுடன் சுவிட்சுக்குச் சதுரம், ரவுட்டருக்கு வட்டம் என்று எனக்கான குறிகளை அதன் மூலையில் எழுதி வைத்துக்கொண்டேன். படம் உள்ள எந்த வினாவாக இருந்தாலும், விடைகளைப் படிக்கும் முன்பே அதைப் பலகையில் வரைந்து, ஒரு கணினியிலிருந்து கோட்டை இழுத்து, அது நின்ற ரவுட்டர் இன்டர்ஃபேஸில் ஒரு குறுக்குக் கோடு போட்டேன்.