பீரோவிலிருந்து ஜெனீவாவுக்கு: ஒரு விண்ணப்ப நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, சேலம்

பன்னாட்டுக் கொள்கைப் படிப்புக்கு வெளிநாடு போகும் வேலையை வீட்டுப் பீரோவில் தொடங்கலாம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஓரெழுத்து இனிஷியல். பட்டச் சான்றிதழில் அது பின்னால் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும். பெர்லினில் கோப்பு பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குத் தாவி, அதன் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டைத் திருத்திய பிறகே, அதே எழுத்துக்கூட்டலில் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்குப் பதியவும்.

ஜூன் 21

நம் மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றும் கணக்கு. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழிக்கவும். அதே அதிகபட்சத்திலிருந்து பாஸ் மார்க்கைக் கழிக்கவும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டவும். 70 சதவீதம், பாஸ் மார்க் 40 என்றால் 2.5 வரும். பாஸ் மார்க்கை 50 என்று எடுத்துக்கொண்டால் அதே 70 சதவீதம் 2.8 ஆகிவிடும். அங்கே எண் குறையக் குறையத்தான் நல்லது, 2.5-க்கு மேல் போனால் விண்ணப்பத்தையே தொடாத துறைகள் உண்டு. நம் கலைக் கல்லூரிகளில் பாஸ் மார்க் இளங்கலைக்கு 40, முதுகலைக்கு 50. பல்கலைக்கழகம் தரும் டிரான்ஸ்கிரிப்டில் (மொத்த மதிப்பெண் பட்டியல்) பாஸ் மார்க் அச்சாகியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிட்டால், பெரியார் பல்கலைக்கழகம் இருக்கும் கருப்பூருக்கு இரண்டாவது தடவை பஸ் ஏற வேண்டாம்.

ஜூன் 22

ஜெர்மனிக்கான செலவு: நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய். விசாவுக்காக ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே போட்டுவைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ. அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும்.

ஜூலை 6, ஏற்காடு

‘சிறுவயது முதலே உலக அமைதியில் ஆர்வம்’ என்று தொடங்கும் நோக்கக் கட்டுரை (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதுவது) முதல் வரியிலேயே செத்துவிடுகிறது. இங்கே கண்ணெதிரே விஷயம் காய்த்துத் தொங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 காடழிப்புச் சட்டப் பட்டியலில் காபியும் இருக்கிறது. அங்கே விற்க வேண்டுமானால், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்ததில்லை என்பதற்கு, விளைந்த இடத்தின் புவி ஆயத்தொலைவுகளோடு ஆதாரம் வேண்டும். இரண்டு ஏக்கர்க்காரர் அதை எப்படிக் கொடுப்பார்? அந்தச் செலவு யார் தலையில்? இந்த இரண்டு கேள்விகளே ஒரு பக்கத்துக்குப் போதும்.

ஜூலை 20, சேலம்

ஐ.நா. கனவுக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். அங்கே தொடக்கநிலை அதிகாரிப் பதவியான பி-2-க்கே வழக்கமாக முதுகலையோடு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள், பி-3-க்கு ஐந்து. ஜே.பி.ஓ. (இளநிலை அதிகாரி) இடங்களுக்குப் பணம் கட்டும் நாடுகள் பெரும்பாலும் தங்கள் குடிமக்களையே அனுப்புகின்றன. ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது, ஐ.எல்.ஓ. (பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு) உதவித்தொகை தருகிறது. செயலகத்தின் வேலைமொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். பிரெஞ்சை இங்கிருக்கும்போதே தொடங்குவது நல்லது. டெல்ஃப் என்னும் பிரெஞ்சுத் தேர்வுச் சான்றிதழ் காலாவதி ஆகாது, ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டு ஆண்டில் ஆகிவிடும்.

ஆகஸ்ட் 3

பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கான விண்ணப்பம் இந்த மாதம் திறக்கும், அக்டோபர் தொடக்கத்தில் மூடும். 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். வாரம் 35 மணி என்றால் 80 வாரம். அனுபவச் சான்றிதழில் வாரத்துக்கு எத்தனை மணி என்பதையும் எழுதி வாங்கவும்.