யானைமலைக்குக் காவி ஏறியாச்சு

சித்திரை வெயிலில் ரிடக்‌ஷன் லினோ (ஒரே லினோலியத் துண்டை நிறத்துக்கு நிறம் மேலும் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அச்சடிக்கும் முறை) சரிப்படாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதுரை யானைமலைப் படத்தின் இரண்டாம் நிறமான காவி நேற்று ஓரம் பிசகாமல் எல்லாத் தாளிலும் ஏறிவிட்டது.

பிரச்சினை முழுக்க மையில்தான். சிவகாசி ஆப்செட் மை டின்னில் இருக்கும்வரை கெட்டி, நம்ம ஊர் வெக்கையில் கண்ணாடிமேல் பரப்பிய கொஞ்ச நேரத்திலேயே தளர்ந்து, பாறை வெடிப்புக்காக வி-உளியால் இழுத்த மெல்லிய கோடுகளுக்குள் இறங்கி அடைத்துவிடும். இதற்கு மெக்னீசியம் கார்பனேட்தான் மருந்து, ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் கையில் பூசுகிறார்களே அதே வெள்ளைப் பொடி. துளித்துளியாகத் தூவிக் கத்தியால் மசிக்க வேண்டும். கூடிப்போனால் மை வறண்டு அச்சு திட்டுத்திட்டாக வெளுக்கும். அளவு கேட்காதீர்கள், காதுதான் கணக்கு: ரோலர் பச்சக் பச்சக் என்றால் மை அதிகம், பட்டுச்சேலை உரசுகிற மாதிரி சன்னமாகச் சத்தம் வந்தால் சரி. அப்புறம், டின்னில் படியும் ஆடையைக் கிண்டிவிடாமல் உரித்து எடுங்கள், இல்லாவிட்டால் அச்சு முழுக்கத் துகள்தான்.

1950களின் கடைசியில் பிக்காசோ இந்த முறையில் அடித்துத் தள்ளினார் என்றால், பிரான்ஸின் வலோரிஸில் ஆர்னெரா என்ற அச்சுக்காரர் பக்கத்திலேயே இருந்தார். இங்கே மை கிண்டுவதும் தாள் தூக்குவதும் நான் ஒருத்தன்தான்.

லினோ கேட்டால் பாதிக் கடைகளில் வினைல் தரைவிரிப்பை நீட்டுகிறார்கள். அசலில் ஆளிவிதை எண்ணெய் வாசனை அடிக்கும், முதுகில் சணல் இருக்கும். செதுக்க வசதியாக மற்ற ஊர்களில் அதை அயர்ன்பாக்ஸ் வைத்து இளக்குவார்கள், இங்கே மொட்டைமாடியே போதும். மரத்தில் செய்திருக்கலாமே என்பவர்களுக்கு: பனங்காடு என்றால் மரப்பலகைதான், ரேகையே பாதி வேலையைப் பார்த்துவிடும். யானைமலையோ ஒரே வழவழப்புப் பாறை, அதன் முதுகில் மரரேகை ஓடினால் எனக்குச் சகிக்காது.

கருநீலம் இன்னும் பாக்கி, காவி காயட்டும். அதற்குள் மனசு எட்சிங்குக்கு, அதாவது கோடுகளை ரசாயனத்தால் அரித்து அச்சடிக்கும் செம்புத் தகட்டுக்குத் தாவிவிட்டது. நைட்ரிக் அமிலம் வாசலைத் தாண்டக் கூடாது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டதால் பெரிக் குளோரைடு, சர்க்யூட் போர்டு அரிப்பதற்கு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்பதுதான். தகட்டைக் குப்புறத் தொங்கவிட்டால் கசடு கோட்டுக்குள் தங்காமல் கீழே விழுந்துவிடும். ஆனால் லினோ மாதிரி கரண்டி முதுகால் தேய்த்து எடுக்கிற வேலை இல்லை இது, பிரஸ் வேண்டும். கரும்பு ஜூஸ் மெஷினைப் பார்க்கும்போதெல்லாம் உருளைகளின் இடைவெளியைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருக்கிறேன், பள்ளம் வெட்டாத பழைய உருளை எங்கேயாவது கிடந்தால் சொல்லுங்கள்.