செம்பிக்கு ஓர் இரவுக்கு 80 ராண்ட்

2025ஆம் ஆண்டு அக்டோபர் பள்ளி விடுமுறையில், நானும் என் கணவரும் பேத்தியும் எங்கள் நாய் செம்பியும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து புறப்பட்டு, ட்ராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் அண்டர்பர்க் பக்கம் உள்ள ஒரு கேரவன் பார்க்கில், அதாவது கூடாரம் போட்டுத் தங்கும் ஒரு திடலில், ஐந்து இரவுகள் தங்கினோம். இரண்டு மாதங்களுக்கு முன்பே தொலைபேசியில் இடத்தைப் பதிவு செய்தபோது, எங்களுடன் ஒரு நாயும் வரும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். நாய் வரலாம், ஆனால் கயிற்றில்தான் இருக்க வேண்டும் என்று பதில் கிடைத்தது. கட்டணம் பற்றி அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய், மாலை இருட்டத் தொடங்கிய நேரத்தில் வாயிலில் நின்றபோதுதான், நாய்க்கு ஓர் இரவுக்கு 80 ராண்ட் தனியாகக் கட்ட வேண்டும் என்றார்கள்.

கூடாரம் போடும் எங்கள் இடத்துக்கு, அதாவது ஸ்டாண்டுக்கு, ஓர் இரவுக்கு 450 ராண்ட் என்று பேசியிருந்தோம். ஐந்து இரவுகளுக்கு 2,250 ராண்ட். அதன்மேல் செம்பிக்காக 400 ராண்ட் சேர்ந்தது. அதாவது பேசிய தொகையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். பணத்தைக் கட்டினோம். குழந்தையை வண்டியில் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் வேறு எங்கே போவது?

வாயிலில் நின்றபோது என் மனம் கனத்ததற்குப் பணத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருந்தது. என் அப்பா டோங்காட்டில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். கடலையும் மீன்பிடிப்பையும் உயிராக நேசித்தவர். 1953ஆம் ஆண்டில் வந்த தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், நல்ல கடற்கரைகளும் அவற்றை ஒட்டிய முகாம் திடல்களும் வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. நான் சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் அப்பா அப்படிப்பட்ட ஒரு திடலின் வாயிலில், தண்ணீர் மட்டும் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்பதற்காக வண்டியை நிறுத்தினார். காவலாளி வாய் திறக்காமல் கையால் சாலையைக் காட்டினார். 1990இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்ட மறு ஆண்டே அப்பா ஒரு பழைய கூடாரத்தை வாங்கி, எங்களையெல்லாம் அழைத்துக்கொண்டு கடலோரத்தில் முதல் முறையாகத் தங்கினார். நாய்க் கட்டணத்தை அந்த அநீதியோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்க நான் முனையவில்லை; அது அப்பாவின் நினைவுக்கு நான் செய்யும் அவமரியாதையாகும். ஆனாலும், வீட்டிலிருந்து புறப்படும் முன் தெரிந்திருக்க வேண்டிய ஒரு நிபந்தனையை வாயிலில் வைத்துச் சொல்வது, உள்ளே போகக் காத்திருப்பவரின் இக்கட்டைப் பயன்படுத்திக்கொள்வதே என்று நான் நினைப்பதற்கு அந்த நாள்தான் வேர். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், விலையை வாங்குபவர் காணும்படி முன்னதாகவே தெரிவிக்க வேண்டும், தெரிவித்த விலைக்கு மேல் கேட்கக் கூடாது என்றுதான் சொல்கிறது.

வீடு திரும்பியதும் இதை என் அக்காவிடம் சொல்லி ஆறுதல் தேடினேன். அவர் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறார், நாய் வளர்ப்பதில்லை, நாய் என்றால் அவருக்கு அச்சமும் உண்டு. "தங்கச்சி, நாய் வளர்ப்பது உன் விருப்பம். அதற்கு ஆகும் செலவை எதற்காக என் தலையில் கட்ட வேண்டும்? உன் நாய்க்குக் கட்டணம் வாங்காவிட்டால், அடுத்த ஆண்டு எல்லோருடைய ஸ்டாண்டு வாடகையையும் அல்லவா கூட்டுவார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைப் பல நாட்கள் யோசிக்க வைத்தது. அக்கா சொன்னது சரி என்றே இன்றும் ஒப்புக்கொள்கிறேன். நாயால் ஒரு முகாம் திடலுக்கு உண்மையாகவே வேலை கூடுகிறது. புல்தரையில் கிடக்கும் கழிவை யாராவது அள்ள வேண்டும். தோண்டிய குழியை மூட வேண்டும். இரவில் குரைத்தால் பக்கத்துக் கூடாரத்துக்காரரின் முறையீட்டைக் கேட்டு, நள்ளிரவில் டார்ச் விளக்கோடு ஒருவர் வர வேண்டும். இந்தச் செலவை நாயோடு வருபவர்கள் ஏற்பதே முறை. எனவே கட்டணமே கூடாது என்று வாதிட நான் வரவில்லை. அந்தக் கட்டணம் எதற்காக, எந்தக் கணக்கில் வாங்கப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் தங்கிய 2025 அக்டோபரில் இந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ராண்ட் 79 சென்டாக இருந்தது. நான் செலுத்திய 400 ராண்ட் அந்தக் கூலியில் ஏறத்தாழ பதினான்கு மணி நேர வேலைக்குச் சமம். செம்பி எங்களுடைய கூடாரத்தில், எங்களுடைய பாயில் படுத்தாள். நாங்கள் கொண்டுபோன சோற்றையும் பருப்பையும் தின்றாள். புரட்டாசி மாதமானதால் சுற்றிலும் எல்லோரும் ப்ராய் அடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் கரி நெருப்பில் சோளக்கதிரும் கத்தரிக்காயும் சுட்டுக்கொண்டிருந்தோம்; பாவம், அவளும் எங்களோடு விரதம் இருந்தாள். அவளுடைய கழிவைக் காலையும் மாலையும் நானே பையில் எடுத்தேன். குளியலறைக் கட்டடத்துக்குள் அவள் கால் வைக்கவில்லை. பிள்ளைகளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லையா என்று சிலர் கேட்கலாம். பிள்ளைகள் வெந்நீரில் குளிக்கிறார்கள், நீச்சல் குளத்தில் இறங்குகிறார்கள், கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு நாளும் அந்தச் செலவு உண்டு. கூடாரத்தில் தங்கும் நாய்க்கு அப்படி நாள்தோறும் ஏறும் செலவு மிகக் குறைவு. நாங்கள் கிளம்பிய பிறகு அந்த இடத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்துச் சீர்செய்ய வேண்டியிருக்கும். இரண்டு இரவு தங்கினாலும் பத்து இரவு தங்கினாலும் அந்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே தங்கலுக்கு ஒரு முறை என்று வாங்கினால் அதில் நியாயம் இருக்கிறது. இரவுக்கு இரவு வாங்குவதற்கு எனக்குக் காரணம் புலப்படவில்லை.

வீடு போன்ற சாலேக்களில் தங்குபவர்களின் நிலை வேறு. அங்கே மெத்தையும் விரிப்பும் நாற்காலியும் உரிமையாளருடையவை. நாயின் முடியும் தெள்ளுப்பூச்சியும் அவற்றில் தங்கினால், அடுத்து வரும் ஆஸ்துமா நோயாளிக்கு அது பெருந்தொல்லை. அங்கே கட்டணத்தோடு, சேதம் இல்லாவிட்டால் திருப்பித் தரும் வைப்புத்தொகை ஒன்றும் கேட்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில், குளியலறைக் கட்டடத்தைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் எனக்குத் தெரிந்த அளவு ஜூலு மொழியில் பேச்சுக் கொடுத்தேன். என்னைவிட மூத்தவர், பேத்தியைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு அவள் கன்னத்தைத் தொட்டார். நாய்கள் வரும் நாட்களில் வேலை கூடுமா என்று கேட்டேன். கூடும், சிலர் அள்ளவே மாட்டார்கள், நான்தான் வாளியோடு போவேன் என்றார். அதற்காகக் கூலியில் ஏதாவது சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டபோது, நான் விளையாட்டாகக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். அந்தத் திடலில் நாய்க் கழிவுக்கென்று ஒரு தொட்டி கிடையாது. நாயின் காலைக் கழுவ ஒரு குழாய் கிடையாது. கயிறில்லாமல் ஓடி விளையாட வேலியிட்ட ஒரு துண்டு நிலமும் கிடையாது. நாய்களின் பெயரால் வாங்கிய பணம் நாய்களுக்கும் போகவில்லை, நாய்களால் வேலை கூடியவருக்கும் போகவில்லை. எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வருத்தம் இதுதான்.

இன்னொன்றும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாயிலில் பணத்தைக் கேட்டார்கள். செம்பியின் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்கவில்லை. நான் பையில் தயாராக வைத்திருந்தேன்; எடுத்துக் காட்ட வாய்ப்பே வரவில்லை. குவாசூலு-நட்டாலில் வாழும் நமக்கு வெறிநாய்க்கடி நோய் எங்கோ தூரத்தில் இருக்கும் செய்தி அன்று. இந்த மாகாணத்தில் அது பல பத்தாண்டுகளாக நாய்களிடையே நிலைத்திருக்கிறது. 2021இலும் இங்கே பரவி உயிர்களைப் பறித்தது. அறிகுறி தோன்றிவிட்டால் அனேகமாகப் பிழைப்பே இல்லாத நோய் அது. நாய்க்கும் பூனைக்கும் அதற்கான தடுப்பூசி போடுவது சட்டப்படி கட்டாயம்: மூன்று மாத வயதில் ஒன்று, அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் மற்றொன்று, பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை. அரசு நடத்தும் தடுப்பூசி முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். பேத்தி வயதுக் குழந்தைகள் முப்பது பேர் மிதிவண்டியில் சுற்றித் திரியும் ஒரு திடலுக்குள், புத்தகத்தைப் பார்க்காமல் 80 ராண்ட் வாங்கிக்கொண்டு எந்த நாயையும் உள்ளே விடுவது என்ன பொறுப்பு? மழை தொடங்கும் பருவத்தில் அந்த மலையடிவாரப் புல்லில் உண்ணிகள் பெருகும். அவை பரப்பும் பித்தக் காய்ச்சலை, இங்கே எல்லோரும் பிலியரி என்று சொல்வதை, நாய் வளர்ப்பவர் எவரும் அஞ்சுவார். உண்ணி மருந்து போட்டாயிற்றா என்ற ஒரு கேள்வியும் இல்லை.

கட்டணம் ஒன்றைக் கட்டியதும் மனிதர் மனம் எப்படி மாறுகிறது என்பதையும் அங்கே கண்டேன். எங்களுக்கு எதிர் வரிசையில் இரண்டு பெரிய நாய்களோடு தங்கியிருந்த ஒருவரிடம், அவற்றின் கழிவு நடைபாதையில் கிடப்பதை என் கணவர் பணிவாகச் சொன்னபோது, "அதற்குத்தான் 160 ராண்ட் கட்டுகிறேனே" என்றார். உரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அப்போது என் நினைவுக்கு வந்தது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் அதை நடத்தினார்கள். பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தபோது, தாமதமாக வருவோர் குறைவதற்குப் பதிலாக ஏறத்தாழ இரு மடங்கானார்கள். முன்பு ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும், காசு கொடுத்து வாங்கிய நேரம் என்ற எண்ணம் வந்துவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. நாய்க் கட்டணமும் கழிவை அள்ளாமல் போவதற்கான விலையாக மாறிவிடுமானால், அக்கா போன்றவர்களுக்கு அதனால் என்ன பயன்? அள்ளாதவரை ஒரு முறை எச்சரித்து, மறுமுறை வெளியே அனுப்பும் துணிவுதான் அங்கே தேவைப்பட்டது. அதற்குப் பணம் செலவாகாது.

பிடிக்காவிட்டால் வேறு இடம் போகலாமே என்று சொல்வது எளிது. ஆனால் நாயோடு போவோருக்கு இங்கே இடம் அதிகம் இல்லை. க்ரூகர் முதலிய தேசியப் பூங்காக்களில் வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதியே கிடையாது. 2000ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட உகாலாம்பா ட்ராகன்ஸ்பர்க் பூங்காவுக்குள்ளும் நாயை அழைத்துச் செல்ல முடியாது. அந்தத் தடையை நான் மனமார ஆதரிக்கிறேன். 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில், வீட்டு நாய்களிடமிருந்து பரவியதாகக் கருதப்படும் டிஸ்டெம்பர் நோயால் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாண்டதை அறிந்த பிறகு யார்தான் மறுப்பார்? அதன் விளைவாக, தனியார் திடல்களை விட்டால் எங்களுக்கு வழியில்லை. அவற்றிலும் பல, டிசம்பர் கூட்டத்தின்போது நாய்களை ஏற்பதில்லை. மாற்று வழி இல்லாதவரிடம் விலை கேட்பவருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு என்று நான் கருதுகிறேன்.

கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. தென்னாப்பிரிக்க வழிகாட்டி நாய்கள் சங்கம் 1953 முதல் அவற்றைப் பழக்கித் தருகிறது. ஒருவருடைய கண்ணாக நடக்கும் நாய்க்குத் தனிக்கட்டணம் கேட்பது, ஊன்றுகோலுக்குக் கட்டணம் கேட்பது போன்றது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தேவையான துணை வசதியை மறுப்பதை 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் பாகுபாடு என்றே சொல்கிறது.

திரும்பி வந்த வாரமே அந்தத் திடலின் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாய்க் கட்டணத்தை இரவுக்கு இரவு வாங்காமல் தங்கலுக்கு ஒரு முறை வாங்குங்கள், பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், தடுப்பூசிப் புத்தகம் இல்லாத நாயை எவ்வளவு பணம் கொடுத்தாலும் உள்ளே விடாதீர்கள், வாங்கும் பணத்திலிருந்து முதலில் ஒரு கழிவுத் தொட்டி வையுங்கள், வாளியோடு போகும் அம்மாவுக்கு ஒரு பங்கு கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து, பதிவின்போது கட்டணத்தைத் தெரிவிக்க ஏற்பாடு செய்வதாக இரண்டு வரியில் பதில் வந்தது. மற்றவை பற்றி ஒன்றும் இல்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

அடுத்த விடுமுறைக்கு ஹோவிக் பக்கம் ஒரு சிறிய திடலில் இடம் பிடித்திருக்கிறோம். தொலைபேசியில் பேசிய பெண், நாய்க்கு எத்தனை நாள் தங்கினாலும் 100 ராண்ட் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டு, தடுப்பூசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால்தான் பதிவு உறுதியாகும் என்றார். செம்பிக்குக் கடைசி ஊசி போட்டு இந்த மாதத்தோடு மூன்று ஆண்டு முடிகிறது. சனிக்கிழமை அழைத்துப் போகிறேன்; போட்டதும் படம் அனுப்ப வேண்டும்.