சிப்பில் ஏற்றும் முன்

பென்சீன் கலந்த காற்றில் வேலை செய்பவர்களின் ரத்தத்தில் டிஎன்ஏ மெத்திலேஷன் (டிஎன்ஏமீது மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஒட்டுவது) எப்படி மாறுகிறது என்பதுதான் என் முதுகலை ஆய்வு. இதே துறைக்கு வருகிறவர்களுக்கு, நான் தட்டுத்தடுமாறிக் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் சிக்கல். எக்ஸ்போஷர் (ஒரு பொருளின் தாக்கத்துக்கு உள்ளாவது), ஜீன் எக்ஸ்பிரஷன் (மரபணு செயல்படுவது) இரண்டுக்குமே தமிழில் ‘வெளிப்பாடு’ என்று எழுதிவிடுகிறோம். குறிப்பெடுக்கும்போது முன்னதை ‘ஆட்படுதல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

புள்ளியியல் திருத்தங்களை வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். மெத்திலேஷனை அளக்கும் சிப்பில் பார்ப்பது டிஎன்ஏவின் சுமார் 8.5 லட்சம் இடங்கள். 0.05 என்ற வரம்பை (தற்செயலாக வரும் தவறான முடிவை நூற்றுக்கு ஐந்து வரை ஏற்பது) அப்படியே வைத்தால், உண்மையில் எதுவுமே மாறாவிட்டாலும் சுமார் 42,500 இடங்கள் மாறியதாகக் காட்டும். இது புரிந்தால் போதும்.

நான் சறுக்கியது வேறு இடத்தில். ஆளுக்கு ஒரு புள்ளி வைத்த முதல் வரைபடத்தில் தொழிலாளர்களும், ஒப்பிடுவதற்காக எடுத்த பென்சீனுக்கு ஆட்படாத மற்றவர்களும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றார்கள். அன்று சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. மறுநாள் அதே புள்ளிகளுக்குச் சிப் எண்ணின்படி நிறம் கொடுத்தேன். அதே இரண்டு கூட்டம்! ஒரு சிப்பில் 8 மாதிரிகள்தான் ஏறும். தொழிலாளர்களின் மாதிரிகள் முதலில் வந்ததால் அவற்றை ஒரு வாரமும், மற்றவற்றை அடுத்த வாரமும் ஓட்டியிருந்தோம். பென்சீனால் வந்த வித்தியாசமும், சிப்பும் வாரமும் மாறியதால் வந்த வித்தியாசமும் இப்படிப் பின்னிக்கொண்டால் எந்த மென்பொருளும் பிரித்துத் தராது. மீதமிருந்த டிஎன்ஏவைக் கொண்டு, ஒவ்வொரு சிப்பிலும் இரு தரப்பையும் கலந்து வைத்து மறுபடி ஓட்டினோம்.

அப்புறமும் மாறிய இடங்களின் ஒரு நீளமான பட்டியல் வந்தது. ஆனால் பென்சீன் வெள்ளணுக்களையே குறைக்கும். வெள்ளணுக்களில் லிம்போசைட் என்ற வகைக்கு ஒரு மெத்திலேஷன், நியூட்ரோபில் என்ற வகைக்கு வேறொன்று. அவற்றின் விகிதம் மாறினாலே மெத்திலேஷனே மாறியது போலத் தெரியும். விகிதத்தைக் கணக்கில் சேர்த்ததும் பட்டியலில் பெரும்பகுதி காணாமல் போனது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் மிஞ்சியதை நம்ப முடிந்தது.

மிஞ்சியதிலும் முதலில் நின்றது ஏஎச்ஆர்ஆர் மரபணு. அங்கே மெத்திலேஷன் குறைவது புகைபிடித்தலின் நன்கு தெரிந்த அடையாளம். சிகரெட் புகையிலும் பென்சீன் உண்டு என்பதால் சிக்கல் இன்னும் இறுகும். அதனால் கேள்வித்தாளை மட்டும் நம்பாதீர்கள். ரத்தம் எடுக்கும் அன்றே சிறுநீரும் வாங்கி உறையவைத்துவிடுங்கள். அதில் கோட்டினின் என்ற பொருள் (நிகோடின் உடலில் மாறி உண்டாவது) புகைபிடித்ததைக் காட்டும், எஸ்-பினைல்மெர்காப்டூரிக் அமிலம் உடலுக்குள் போன பென்சீனைக் காட்டும்.