இண்டஸ்ட்ரியல் ஹைஜீனிஸ்ட் வேலை தேடுவோருக்கு: மார்ச் மாத நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

வேலைத் தளங்களில் ‘இண்டஸ்ட்ரியல் ஹைஜீனிஸ்ட்’ (வேலையிடத்தில் உடல்நலத்தைக் கெடுப்பவற்றை அளந்து குறைப்பவர்) என்று மட்டும் தட்டிப் பார்த்தால் பாதி வேலைகள் கண்ணில் படாது. சில நாடுகளில் இதே வேலைக்கு ஆக்குபேஷனல் ஹைஜீனிஸ்ட் என்று பெயர். பெரிய ஆலைகளில் ஈஎச்எஸ் (சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு) ஸ்பெஷலிஸ்ட் என்ற பொதுப்பெயருக்குள் ஒளிந்திருக்கும். பதவிப் பெயரை விட்டுவிட்டு, வேலையில் கை படும் பொருள்களை வைத்துத் தேடுங்கள்: ஏர் சாம்பிளிங், நாய்ஸ் டோசிமீட்டர், சிலிக்கா, ஆஸ்பெஸ்டாஸ், லோக்கல் எக்ஸாஸ்ட் வென்டிலேஷன், ரெஸ்பிரேட்டர் ஃபிட் டெஸ்ட்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பெயரில் ஹைஜீனிஸ்ட் இருக்கும். உள்ளே படித்தால் வேலை அனுமதிச் சீட்டு, விபத்துப் பதிவேடு, தீயணைப்புப் பயிற்சி. அவை பாதுகாப்பு அதிகாரியின் வேலைகள். தேவையான வேலைகள்தான், ஆனால் நம் தொழில் வேறு. தூசி, புகை, ஆவி, இரைச்சல், வெப்பம், கதிர்வீச்சு ஆகியவை ஆளை நோயாளியாக்கும் முன்பே கண்டு, அளந்து, குறைப்பது நம் வேலை. பொறுப்புகள் பட்டியலில் ‘அளத்தல்’ சார்ந்த வரி ஒன்றுகூட இல்லையென்றால், விண்ணப்பிக்கும் முன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஆலோசனை நிறுவனங்கள், பெரிய ஆலைகள், அரசு ஆய்வுத் துறைகள், காப்பீட்டு நிறுவனங்கள், பகுப்பாய்வுக் கூடங்கள் எல்லாம் ஆள் எடுக்கின்றன. புதிதாக நுழைபவருக்கு ஆலோசனை நிறுவனமே நல்லது என்பேன். ஒரே ஆண்டில் வெல்டிங் புகை, மாவுத் தூசி, கரைப்பான் ஆவி, பிரஸ் கூடத்து இரைச்சல் எல்லாம் கைக்கு வரும். குறை என்னவென்றால், அறிக்கை கொடுத்ததும் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவீர்கள். சொன்ன மாற்றத்தை அவர்கள் செய்தார்களா என்று பார்க்க வாய்ப்பு வராது. அந்த அனுபவம் ஆலைக்குள் இருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

மார்ச் 5, புதன்

சான்றிதழ் பற்றி. சிஐஎச் (சர்டிஃபைட் இண்டஸ்ட்ரியல் ஹைஜீனிஸ்ட்) என்பது தொழிலின் உச்சச் சான்று. பட்டப்படிப்பு, இத்துறைக்கே உரிய பாட நேரம், பல ஆண்டு கள அனுபவம் எல்லாம் காட்டிய பிறகே தேர்வெழுத விடுவார்கள். எனவே முதல் வேலை தேடுபவர் அதைக் குறிவைத்துக் காத்திருப்பதில் பொருளில்லை.

தொடக்கத்துக்கு ஓஎச்டிஏ (ஆக்குபேஷனல் ஹைஜீன் டிரெய்னிங் அசோசியேஷன்) பாடங்கள் பொருந்தும். டபிள்யூ201 அடிப்படை. அதன்மேல் 501 அபாயப் பொருள்களை அளப்பது, 502 வெப்பச் சூழல், 503 இரைச்சல், 504 ஆஸ்பெஸ்டாஸ், 505 கட்டுப்பாடு, 506 எர்கோனாமிக்ஸ், 507 உடல்நல விளைவுகள். பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வகுப்புக்கும் தேர்வுக்கும்தான் கட்டணம். கையில் பணம் குறைவென்றால் 501, 505 இரண்டையும் முதலில் முடியுங்கள். அளக்கத் தெரிந்து குறைக்கத் தெரியாதவர்கள் ஏராளம். 505 முடித்தவரை நேர்காணலில் தனியாகக் கவனிப்பார்கள்.

மார்ச் 8, சனி

சுயவிவரத்தில் ‘காற்று மாதிரி எடுத்த அனுபவம் உண்டு’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. அதையே இப்படி எழுதலாம்: ‘கல் வெட்டும் பிரிவில் சுவாசிக்கத்தக்க படிக சிலிக்கா, அலுமினியம் சைக்ளோன், நிமிடத்துக்கு 2.5 லிட்டர், நியோஷ் 7500 முறை, முழு ஷிஃப்ட், ஆள்மேல் மாதிரி. முடிவுக்குப் பின் நீர் தெளிப்பு பொருத்தி மறு அளவீடு.’ (சைக்ளோன் என்பது பெருந்துகளைப் பிரித்துத் தள்ளும் சிறு கருவி; நியோஷ் என்பது அமெரிக்க அரசின் வேலையிடப் பாதுகாப்பு, உடல்நல ஆராய்ச்சி நிறுவனம்.) எந்தப் பொருள், எந்தக் கருவி, எந்த முறை, எவ்வளவு நேரம், அதனால் என்ன மாறியது என்ற ஐந்தும் ஒரே வரியில் வந்துவிடும். கடைசிப் பகுதிதான் எடை கூடியது. மறு அளவீடு செய்யவில்லையென்றால் அதை எழுதாதீர்கள். நேர்காணலில் அங்கேதான் தோண்டுவார்கள்.

மாதிரி அறிக்கை ஒன்றும் கேட்பார்கள். வாடிக்கையாளர் பெயரை அழித்தால் மட்டும் போதாது. படத்தில் தெரியும் லோகோ, தயாரிப்பின் பெயர், இயந்திர வரிசை எண், தொழிலாளரின் முகம், கோப்புக்குள் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவல் எல்லாம் போக வேண்டும். பழைய முதலாளியின் ரகசியம் கசியும் அறிக்கையை நீட்டுபவரை, நாளைக்கு நம் ரகசியத்தையும் இப்படித்தான் நீட்டுவார் என்றுதான் பார்ப்பார்கள்.

மார்ச் 12, புதன்

நல்ல நிறுவனங்கள் மேசைமேல் பம்ப், குழாய், சைக்ளோன், கேசட் (ஃபில்டர் வைக்கும் சிறு கூடு), காலிபிரேட்டர் (பம்பின் காற்றோட்ட அளவைச் சரிபார்க்கும் கருவி) வைத்து ‘மாட்டிக் காட்டுங்கள்’ என்பார்கள். பத்து நிமிட வேலை. இதில் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள்.

முதலாவது, வெறும் பம்பைக் காலிபிரேட் செய்வது. களத்தில் பம்ப் இழுக்கப்போவது ஃபில்டர் வழியாக. எனவே அதே வகை ஃபில்டர், அதே சைக்ளோன் மாட்டிய நிலையிலேயே ஓட்ட அளவைச் சரிசெய்ய வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு, மாதிரி எடுக்கும் கேசட்டைத் தொடாமல் விடுங்கள். பம்பைச் சில நிமிடம் ஓடவிட்டு நிலைப்பட்ட பிறகு அளவெடுங்கள்.

இரண்டாவது, ஓட்ட அளவை மாற்றிச் சொல்வது. அலுமினியம் சைக்ளோனுக்கு 2.5 லிட்டர், டார்-ஆலிவர் நைலான் சைக்ளோனுக்கு 1.7, ஹிக்கின்ஸ்-டெவெல் வகைக்கு 2.2. சைக்ளோன் பெருந்துகளைப் பிரித்துக் கீழே தள்ளி நுண்துகளை மட்டும் மேலே விடுவது அந்தந்த ஓட்டத்தில்தான். வேகம் குறைந்தால் பெரிய துகளும் ஃபில்டருக்குப் போய்விடும்.

மூன்றாவது, மாட்டும் இடம். மூக்கையும் வாயையும் சுற்றி 30 செ.மீ. ஆரத்துக்குள், சட்டைக் காலரில், சைக்ளோன் செங்குத்தாக. குழாய் முதுகுப் பக்கமாகச் சென்று இடுப்பு பெல்ட்டில் இருக்கும் பம்பை அடைய வேண்டும். முன்பக்கம் தொங்கும் குழாய் சுழலும் தண்டில் சிக்கினால் நாம் அளக்கப் போய் ஆளைக் காயப்படுத்துவோம். மாட்டும்போதே தொழிலாளரிடம் இது என்ன, ஏன், முடிவு எப்போது வரும் என்று சொல்லுங்கள். தேர்வில் எதிரே நிற்பவர் நிறுவன ஊழியராக இருந்தாலும் சொல்லுங்கள், அதையும் கவனிக்கிறார்கள்.

கழற்றும் கட்டத்தில்தான் அதிகம் தவறுகிறது. சைக்ளோனின் அடியில் பெருந்தூசி சேரும் சிறு குப்பி இருக்கிறது. கேசட்டைப் பிரிக்கும் முன் சைக்ளோனைத் தலைகீழாகச் சாய்த்தால் அந்தத் தூசி முழுதும் ஃபில்டரில் கொட்டும். எட்டு மணி நேர உழைப்பு ஒரு நொடியில் வீண். ஆய்வகத்துக்கு அது தெரியாது. பயங்கரமான ஓர் எண் வரும், ஆலை அலறும்.

பிறகு மறு காலிபிரேஷன். முன் 2.5, பின் 2.3 என்றால் வீழ்ச்சி 8 விழுக்காடு. 5 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதால் மாதிரியை ஒதுக்க வேண்டும். ‘சராசரி 2.4 போட்டுக் கணக்கிடலாமே’ என்று நேர்காணல் செய்பவர் தூண்டில் போடுவார். காற்றின் கொள்ளளவைச் சராசரியில் சரிசெய்யலாம்; வேகம் குறைந்த நேரத்தில் உள்ளே போன பெரிய துகளை எந்தச் சராசரியும் வெளியே எடுக்காது. இதைக் காரணத்தோடு சொன்னால் அந்தச் சுற்று முடிந்தது.

மார்ச் 13, வியாழன்

நேற்று விட்டது: கரைப்பான் ஆவிக்குச் சார்கோல் குழாய் (ஆவியைப் பிடித்து வைக்கும் கரி அடைத்த கண்ணாடிக் குழாய்). முன்பகுதி 100 மி.கி., பின்பகுதி 50 மி.கி. அம்புக்குறி காற்று போகும் திசையில், அதாவது பம்பை நோக்கி. பின்பகுதியில் கிடைத்தது முன்பகுதியில் கிடைத்ததன் 10 விழுக்காட்டுக்கு மேல் என்றால் குழாய் நிரம்பி வழிந்திருக்கிறது, உண்மை அளவு அதைவிடக் கூடுதல் என்று பொருள். ஈரப்பதம் மிகுந்த நாளில் இது சீக்கிரம் நடக்கும். ஓட்டத்தைக் குறையுங்கள், அல்லது ஷிஃப்டைப் பிரித்து இரண்டு மூன்று குழாய் மாற்றுங்கள். எரியக்கூடிய ஆவி உள்ள இடத்துக்கு இன்ட்ரின்சிக்கலி சேஃப் (தீப்பற்ற வைக்காத) சான்றுள்ள பம்ப் மட்டுமே.

மார்ச் 17, திங்கள்

எழுத்துத் தேர்வில் வரும் கணக்குகள். கால்குலேட்டர் தருவார்கள், சூத்திரம் நினைவில் இருக்க வேண்டும்.

சிலிக்கா: நிமிடத்துக்கு 2.5 லிட்டர், 450 நிமிடம். 1,125 லிட்டர், அதாவது 1.125 கன மீட்டர். ஆய்வகம் சொன்ன குவார்ட்ஸ் 62 மைக்ரோகிராம். வகுத்தால் கன மீட்டருக்கு 55.1. மீதி 30 நிமிடம் தூசியே இல்லாத இடத்தில் இருந்தார் என்று குறிப்பில் பதிவாகியிருந்தால் 8 மணி நேரச் சராசரி 51.7. ஓஷா (அமெரிக்க அரசின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பு) வரம்பான 50-ஐத் தாண்டுகிறது. அந்த 30 நிமிடம் எங்கே இருந்தார் என்று குறிக்கவில்லையென்றால் பூஜ்யம் போட உரிமை இல்லை. களக் குறிப்பின் அருமை இங்கே தெரியும்.

இரைச்சல்: ஒருவர் 4 மணி நேரம் 88 டெசிபல், 4 மணி நேரம் 91 டெசிபல் (ஏ அளவுகோல்). நியோஷ் முறையில் அடிப்படை 85, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதி நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. டோஸ் (அனுமதித்த அளவில் எத்தனை விழுக்காடு பட்டது என்பது) 100 கூட்டல் 200, மொத்தம் 300 விழுக்காடு. ஓஷா வரம்புக் கணக்கில் அடிப்படை 90, 5 டெசிபலுக்கு ஒருமுறை பாதி, 90-க்குக் கீழே உள்ளதைக் கருவி சேர்க்காது. 88 முழுதும் விட்டுப்போகிறது. 91-க்கு அனுமதி ஏறத்தாழ 7 மணி. டோஸ் 57 விழுக்காடு. அதே ஓஷாவின் செவிப் பாதுகாப்புக் கணக்கில் 80-இலிருந்து சேர்க்க வேண்டும்: 95 விழுக்காடு, அங்கே நடவடிக்கை வரம்பு 50.

ஒரே காது, ஒரே நாள், 57, 95, 300. டோசிமீட்டரின் (ஆள்மேல் மாட்டும் இரைச்சல் அளவி) செட்டிங் என்ன என்று எழுதாத இரைச்சல் அறிக்கை செல்லாக்காசு. கேள்வித்தாளில் செட்டிங் கொடுக்கவில்லையென்றால் மூன்றையும் எழுதி, எது எதற்கு என்று ஒரு வரி சேருங்கள்.

புள்ளியியலில் ஒரு கேள்வி நிச்சயம். ஒரே வேலை செய்யும் குழுவில் எடுத்த மாதிரிகளின் பெருக்குச் சராசரி 20 மைக்ரோகிராம், பெருக்குத் திட்ட விலக்கம் (அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பது) 2.5. வரம்பு 50. ‘பாதிக்கும் கீழே, பிரச்சினை இல்லை’ என்று சொல்லத் தோன்றும். 95-ஆம் சதமானம் (நூற்றில் 95 அளவுகள் இதற்குக் கீழே இருக்கும்) காண 2.5-ஐ 1.645 அடுக்குக்கு உயர்த்தி 20-ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 90. கெட்ட நாள்களில் அந்த ஆள் வரம்பைப் போல ஒன்றே முக்கால் மடங்கு சுவாசிக்கிறார். சராசரியைப் பார்த்து ஆறுதல் சொல்வது இந்தத் தொழிலில் மன்னிக்க முடியாத பழக்கம்.

மார்ச் 20, வியாழன்

‘ஹூடை எங்கே வைப்பீர்கள்?’ ஹூட் என்பது புகையை உறிஞ்சி இழுக்கும் அமைப்பின் வாய். மிகச் சாதாரணமாகக் கேட்கப்படும் இந்தக் கேள்விதான் அளப்பவரையும் குறைப்பவரையும் பிரிக்கிறது.

விளிம்பில்லாத திறந்த ஹூடுக்குத் தேவையான காற்று: தூரத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி, அதோடு வாய்ப்பரப்பைக் கூட்டி, வரும் தொகையைப் பிடிக்கும் வேகத்தால் (புகையை ஹூடுக்குள் இழுக்கத் தேவையான காற்று வேகம்) பெருக்க வேண்டும். வெல்டிங் புகைக்கு விநாடிக்கு 0.5 மீட்டர் வேகம், வாய்ப்பரப்பு 0.02 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஹூட் 30 செ.மீ. தள்ளியிருந்தால் விநாடிக்கு 0.46 கன மீட்டர் வேண்டும். 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 0.12 போதும். தூரம் பாதி, காற்று ஏறத்தாழ கால். மெழுகுவத்தியை ஓரடி தள்ளி நின்று ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது, ஹூடும் அப்படித்தான்.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். வெல்டர் ஏன் ஹூடைத் தள்ளி வைக்கிறார் என்பதையும் சொல்லுங்கள்: வேலை மறைகிறது, கை இடிக்கிறது, மூட்டு தளர்ந்து தானே கீழே இறங்குகிறது. டார்ச்சிலேயே உறிஞ்சும் அமைப்பு, காந்த அடியுள்ள ஹூட், திருப்பும் மேசை என்று மாற்று வழி தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும். முகமூடி கொடுக்கலாம் என்று தொடங்குபவருக்குக் கடினம். அது வரிசையில் கடைசி. நீக்க முடியாத இடத்தில் மாற்றுப்பொருள், அதுவும் இயலாவிட்டால் இயந்திர ஏற்பாடு, பிறகு வேலைமுறை, பிறகே முகமூடி. செயற்கைக் கல் மேசைப்பலகையை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்தது நீக்குதல் என்ற முதல் படிக்கு அண்மைய உதாரணம்.

மார்ச் 24, திங்கள்

நாம் கேட்க வேண்டிய கேள்விகள். கருவிகள் சொந்தமா வாடகையா, கடைசியாக எப்போது வெளிக் காலிபிரேஷன் ஆனது? மாதிரிகள் போகும் ஆய்வகம் ஐஎஸ்ஓ 17025 (ஆய்வகத் தகுதிக்கான பன்னாட்டுத் தரம்) அங்கீகாரம் பெற்றதா, நாம் எடுக்கும் பகுப்பாய்வுக்கே அந்த அங்கீகாரம் உண்டா? அறிக்கையில் கடைசிக் கையெழுத்து யாருடையது? அளக்கப்பட்ட தொழிலாளருக்கு அவருடைய முடிவு எழுத்தில் போகிறதா?

கடைசிக் கேள்விக்கு எதிரே இருப்பவர் நெளிந்தால், அங்கே பின்னால் என்ன கேட்பார்கள் என்று ஊகிக்கலாம்: வரம்பைத் தாண்டிய மாதிரியை ‘வழக்கத்துக்கு மாறான நாள்’ என்று நீக்கச் சொல்வார்கள். மாதிரியை நீக்க ஓட்ட வீழ்ச்சி, கிழிந்த ஃபில்டர், வேண்டுமென்றே கெடுத்தது போன்ற காரணம் வேண்டும். எண் பெரிதாக இருப்பது காரணமாகாது. நீக்கினாலும் நீக்கியதை அறிக்கையில் சொல்ல வேண்டும். இதற்கு இணங்காத வேலையிடம் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் வேண்டாம்.

மார்ச் 26, புதன்

வேலை உறுதியான பின், சேரும் முன். இறுக்கமான முகமூடி போட வேண்டிய இடமென்றால் தாடி இருக்கக்கூடாது. முகமூடி படியும் இடத்தில் முளைக்கும் முடியே கசிவுக்குப் போதும். கருவி வைத்துச் செய்யும் ஃபிட் டெஸ்டில் (வெளியே உள்ள துகள் முகமூடிக்குள் உள்ளதைப் போல எத்தனை மடங்கு என்று பார்ப்பது) அரை முகமூடிக்கு 100, முழு முகமூடிக்கு 500 வர வேண்டும் என்பது ஓஷா அளவு. எந்த மாடல், எந்த சைஸில் தேறினீர்கள் என்று எழுதி வாங்குங்கள். அடுத்த தளத்தில் வேறு மாடலை நீட்டினால் மறு டெஸ்ட் கேட்க அது உதவும்.

முதல் தளத்துக்குப் போகும் முன்பே செவித்திறன் சோதனையும் நுரையீரல் சோதனையும் எடுத்துவையுங்கள். செவிச் சோதனைக்கு முன் 14 மணி நேரம் வேலையிட இரைச்சல் படக்கூடாது. பிரஸ் கூடத்திலிருந்து நேரே போய் உட்கார்ந்தால் தற்காலிகக் கேட்புக் குறைவு அடிப்படைப் பதிவாகிவிடும். பின்னால் வரும் உண்மையான இழப்பு அதற்குள் மறைந்துபோகும். ஆகவே திங்கள் காலை, ஷிஃப்ட் தொடங்கும் முன் நேரம் கேளுங்கள். நகல் ஒன்றைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.